தள்ளுபடி போடாத சீட்டு

அன்று கமிட்டி அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: தலைவர் நாற்காலியில் மூத்தவர், ஜன்னலோரம் அவருடைய தம்பி சின்னவர், எதிரே கோல்ஃப் கிளப்பின் செயலாளராக இருக்கும் ஓய்வு பெற்ற இலக்கண ஆசிரியர், உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவருகே, மைதானத்துப் புல்லைப் பெற்ற பிள்ளை போல வளர்க்கும் புல்காரர், மேசையின் கடைசியில் மூத்தவரின் மருமகள். கேன்டீன் அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள், எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், தட்டை வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள். தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

மேசை நடுவில் ஒரு மஞ்சள் சீட்டு கிடந்தது. மருமகள் ஒரு பெரிய பல்பொருள் கடையில் விளம்பரப் பிரிவில் இருப்பவள். தெருவில் போகிறவரைக் கடைக்குள் வரவைப்பது அவள் தொழில். அந்தச் சீட்டை அவளே வரைந்து, மாதிரிக்கு ஒன்று அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். மேலே ஒரு குழியும் கொடியும். கீழே கொழுத்த எழுத்தில், ‘முதல் ஆட்டத்துக்குப் பாதி தள்ளுபடி’.

மூத்தவர் சீட்டைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். எழுத்து அப்படியேதான் இருந்தது.

“இதை எழுதினது யாரும்மா?”

“நான்தான் மாமா.”

“அந்த வார்த்தையையும் நீதான் எழுதினியா?”

“எந்த வார்த்தை மாமா? பாதியா?”

சின்னவர் இருமினார். “பாதி இல்லம்மா. பாதிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கே, அது.”

மருமகள் சீட்டைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை ஒருவர் வாயிலும் அவள் கேட்டதில்லை. மலிவுச் சாமான் பிடிக்காத வீடு போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். விஷயம் அதுவல்ல என்று இப்போதுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். மூத்தவரின் அப்பா காலணிக் கடை வைத்திருந்தார். வாசலில் ‘ஒரே விலை’ என்று பலகை. பேரம் கிடையாது. விற்காமல் நின்ற ஜோடியைக் குறைத்து விற்கமாட்டார். தேவைப்பட்டவனுக்குச் சும்மா கொடுத்துவிடுவார். ஊரின் பெரிய கிளப்பில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் அடியில் ஆணி வைத்த காலணிக்கு அவரிடம்தான் வருவார்கள். அவர்கள் காலடியில் உட்கார்ந்து கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்தபடியே அந்த விளையாட்டைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்கக் கேட்க ஆசை வந்துவிட்டது. அந்தக் கிளப்பில் சேர மனு போட்டார். பெரிய கிளப்பின் வழக்கம், முடிவை வாசல் பலகையில் ஒட்டிவிடுவது. அப்பாவின் பெயருக்கு நேரே ஒட்டியிருந்தது ஒரே வார்த்தை: தள்ளுபடி. கடைக்காரரைச் சேர்ப்பதில்லையாம். காலணி வாங்கும்போது மட்டும் அது நினைவுக்கு வராது போலிருக்கிறது.

அப்பா யாரிடமும் புலம்பவில்லை. ஒரு பல் மருத்துவர், ஒரு டிரில் மாஸ்டர், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வெளியே மாடு மேய்ந்த தரையை எடுத்து, ஒன்பது குழி தோண்டி, கிளப் தொடங்கிவிட்டார். முதல் கொடிகள் கடைக்குக் காலணிப் பெட்டிக்குள் வைத்து வரும் சிவப்புத் துணி. மாடுகளுக்கு இது மைதானம் என்று புரியப் பல காலம் ஆயிற்று. பந்து விழுந்த இடத்தில் சாணி இருந்தால் என்ன செய்வது என்று டிரில் மாஸ்டரும் பல் மருத்துவரும் வாரம் தவறாமல் சண்டை போட்டார்கள். குழிகளுக்கு எண் சொல்வதில்லை, பெயர்தான். பந்தை வெளியே எடுக்க உயிர் போகும் குழி, பல் டாக்டர் குழி. எப்படி ஆடினாலும் திருப்திப்படாத குழி, மாமியார் குழி. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு மரத்தடியில் பாய் விரித்து, கேரியரைப் பிரித்து, அடித்ததையும் அடிக்காததையும் கலந்து பேசுவார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் மூத்தவருக்கு இன்னும் காதில் இருக்கிறது. சேர இடமில்லாமல் ஆட்கள் காத்திருந்த காலமும் உண்டு. அப்பா அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார். மனு என்று ஒன்று வந்துவிட்டால் அது ஏற்கப்படும், அவ்வளவுதான்.

இப்போது நிலைமை வேறு. அலமாரிகளில் பாதி திறப்பாரில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தன. ஆட வருகிறவர்களை விட, ஆடியவர்களைப் பற்றித் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அதிகம். பெரிய கிளப் ஆள் அனுப்பியது: எங்களோடு சேர்ந்துவிடுங்கள், உங்கள் மைதானத்தைப் பயிற்சித் திடலாக வைத்துக்கொள்கிறோம், பலகையை மட்டும் மாற்றிவிடுவோம். பொதுக்கூட்டத்தில் சின்னவரே எழுந்து, இந்த ஆட்டப் பருவம் முடிவதற்குள் புது உறுப்பினர் வராவிட்டால் இணைந்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கை தூக்கியவர்கள்தான் அதிகம். அப்பாவைத் திருப்பி அனுப்பிய வாசலுக்குள் அப்பாவின் கிளப்பே வாலைச் சுருட்டிக்கொண்டு நுழையப் போகிறது. மூத்தவருக்கு அன்று முதல் சாப்பாடு இறங்கவில்லை.

சின்னவர் இதையெல்லாம் மருமகளுக்குச் சுருக்கமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “அப்பா கடைக் கதவுல ‘இழு’ன்னு மட்டும்தான் எழுதியிருக்கும். மறுபக்கம் ‘தள்ளு’ன்னு எழுதக்கூட விடல. பாதி வார்த்தைக்கே அந்த கதி” என்றார்.

“சின்னவனே, இது சிரிக்கிற இடமில்ல.”

“நான் எங்கண்ணா சிரிச்சேன்? ஆனா ஒண்ணு. ஆள் வரணும்னா எதையாவது எழுதித்தானே ஆகணும்.”

“எழுதலாம். நான் எழுதறேன்” என்றார் மூத்தவர். “கூவி விக்கறதுக்கு இது கத்திரிக்காய் இல்ல. நாலு பேரை நம்ம இடத்துக்குக் கூப்பிடறோம். கூப்பிடற விதமா கூப்பிட்டா வருவாங்க.”

அவர் அங்கேயே பேனாவைத் திறந்தார். பிசிறில்லாத எழுத்து அவருடையது. ‘அன்புடையீர், எங்கள் தந்தையார் நிறுவிய மன்றத்துக்கு வரும் ஞாயிறு காலை தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து, விளையாடிச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். தங்கள் நல்வரவை நாடும்’ என்று எழுதி, கீழே அண்ணன் தம்பி இருவர் பெயரையும் போட்டார்.

செயலாளர் வாங்கிப் படித்தார். “‘விளையாடிச் சிறப்பிக்க’ங்கறது அவ்வளவா ஒட்டலீங்க. ‘வந்து சிறப்பிக்க’ன்னா நிக்கும்.”

“அப்படின்னா அடிச்சிடுங்க.”

விளையாட்டு போயிற்று. செயலாளர் கீழே ஒரு வரி சேர்த்தார், சீட்டைக் கொண்டுவருவோர் பாதிக் கட்டணம் செலுத்தினால் போதும் என்று. மூத்தவர் அதையும் அடித்தார்.

“பத்திரிகை வச்சு கூப்பிடறவங்க, உள்ள வர இவ்வளவுன்னு அதுலயே போடுவாங்களா? என்ன நாகரிகம் இது?”

“மாமா, இந்த மாதிரி சீட்டுக்கு உயிரே அந்த வரிதான்” என்றாள் மருமகள்.

“வாசல்ல நாசூக்கா சொல்லிக்கலாம்.”

“கொடியாவது இருக்கட்டும்.”

“கொடி எதுக்கு, கட்சியா நடத்தறோம்? அப்பா படம் போடு.”

மருமகள் வாயைத் திறந்தாள், சின்னவர் கண்ணைக் காட்டினார், மூடிக்கொண்டாள். புல்காரர் மட்டும் கதவருகே நின்றபடி, “எதை வேணும்னாலும் போடுங்க. வர்றவங்க புல்லை மிதிக்காம இருந்தா சரி” என்றார்.

அந்தச் சீட்டு அப்படித்தான் அச்சாயிற்று. மஞ்சள் தாள், ஓரத்தில் கோடு, நடுவில் கோட்டு போட்ட அப்பாவின் படம். கோல்ஃப் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மருமகள் தன் கடையில் பில் போடும் இடத்தில் கட்டு கட்டாக வைத்து, பில் போடும் பெண்களிடம் விவரம் சொல்லிவிட்டும் வந்தாள். கூட்ட நேரத்தில் விவரத்துக்கு ஏது நேரம். “பத்திரிகை வச்சிருக்கேன், பையில பாருங்க” என்று சொல்லிச் சொல்லிப் போட்டு அனுப்பினார்கள்.

ஞாயிறு காலை செயலாளர் வாசலில் மேசை போட்டு, சில்லறைப் பெட்டியோடு உட்கார்ந்தார். நாலைந்து பேர் வருவார்கள் என்பது அவர் கணிப்பு. முதலில் வந்தது ஒரு தையல்காரர் குடும்பம். தையல்காரர் மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார். மனைவி, மனைவியின் தங்கை, கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் ஒன்று. தங்கை கையில் வண்ணத்தாள் சுற்றிய பெட்டி. உள்ளே சுவர்க்கடிகாரம் என்பது டிக் டிக்கென்று வெளியே கேட்டது.

“முகூர்த்தம் ஆயிடுச்சுங்களா?” என்றார் தையல்காரர்.

“முகூர்த்தமா? இங்க கோல்ஃபுங்க.”

“சரிங்க. மாப்பிள்ளை பேரா அது?”

செயலாளர் திகைத்து நிற்கும்போதே பின்னால் இன்னொரு குடும்பம் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மண்டபம் புதிதாகக் கட்டியதா, வாடகை எவ்வளவு என்று ஒருவர் விசாரித்தார். பேருந்து ஓட்டும் பெண் ஒருவர், சீருடையைக் கூட மாற்றாமல், பெரிய மலர்வளையத்தோடு வந்து நின்றார். படத்தைப் பார்த்துத் துக்க வீடு என்று முடிவு செய்துவிட்டார்.

“ஐயா எப்ப தவறினாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ரொம்ப காலமாச்சும்மா” என்றார் செயலாளர்.

“அப்ப நான் தாமதமாத்தான் வந்திருக்கேன்” என்று அவர் வருத்தப்பட்டார்.

செயலாளர் கணக்காக இருப்பவர், ஆனால் சமயோசிதம் போதாது. நாசூக்காகச் சொல்லவேண்டியதைப் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். “இது விளையாட்டு மைதானம். ஒரு ஆளுக்குப் பாதிக் கட்டணம். கட்டிட்டு உள்ள போகலாம்.”

தையல்காரரின் முகம் கறுத்தது. “அழைச்சது யாருங்க?”

“நாங்கதான்.”

“வாசல்ல நிறுத்தி காசு கேக்கறது?”

“அதுவும் நாங்கதான். ஆனா பாதிதான்.”

“கூப்பிட்ட வீட்டுக்கு டிக்கெட் வாங்கிட்டு போறதை நான் எங்கயும் பாத்ததில்லை. நாங்க என்ன சாப்பாட்டுக்கா வந்தோம்? மதிச்சு பத்திரிகை வச்சிருக்காங்களே, போகலைன்னா நல்லா இருக்காதேன்னு வந்தோம். வாங்கடி, போகலாம்.”

“நான் அப்பவே சொன்னேன், யாருன்னே தெரியாதவங்க வீட்டுக்கு போகவேண்டாம்னு” என்றாள் மனைவி. “கேட்டாதானே. கடிகாரம் வேற.”

மூத்தவர் மாடி வராந்தாவில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. தையல்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து வாசலுக்கு முதுகு காட்டித் திரும்பியது மட்டும் தெரிந்தது. அந்தத் திரும்பலை அவர் முன்பே பார்த்திருக்கிறார். அந்தப் பெண் இருக்கும் இடத்தில் நின்று, அந்தப் பெண்ணின் உயரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

பெரிய கிளப்பின் பலகையைப் பார்க்க அப்பா போன காலையில் மூத்தவரும் கூடப் போயிருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. கண்ணில் படும் பலகையையெல்லாம் உரக்கப் படிக்கும் வயது. கடைத்தெருவில் எதிர்த் துணிக்கடையில் அந்த வார்த்தையைச் சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிடுவார்கள். அது தொங்கும் நாளில் கூட்டம் நெரியும். எல்லாரும் பை நிறைய வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போவார்கள். அதே வார்த்தை அப்பாவின் பெயருக்கு நேரே இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. “அப்பா, நமக்கு தள்ளுபடி குடுத்திருக்காங்கப்பா” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வாசல் காவலாளி சிரித்துவிட்டார். காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். அவர்கள் காலில் இருந்தது அப்பா கடைக் காலணி. அப்பா சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. “ஆமாப்பா” என்றார். கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். வீடு வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை. தான் சொன்னது என்ன என்று மூத்தவருக்குப் புரிந்தது வளர்ந்த பிறகுதான். அதைப் பற்றிக் கேட்க அப்போது அப்பா இல்லை.

மூத்தவர் மாடிப்படி இறங்கினார். முழங்கால் வலிக்காரர், கைப்பிடியைத் தொடாமல் இறங்கியதைக் கேன்டீன் அக்கா பார்த்து, தட்டைக் கீழே வைத்தாள்.

“ஒரு நிமிஷம் நில்லுங்க” என்றார் வாசலில். குரல் உயரவில்லை. தையல்காரர் நின்றுவிட்டார். “அந்தப் பத்திரிகைல இருக்கற பேரு என் பேரு. கூப்பிட்டது நான். உள்ள வாங்க.”

“காசு கேக்கறாங்களே.”

“தப்பு நடந்திருக்கு. கூப்பிட்ட இடத்துல காசு ஏது. வாங்கம்மா. பாப்பா, நீயும் வா.”

செயலாளர் அருகில் வந்து காதோடு, “ஐயா, பாதியாவது வாங்கிக்கலாமே. வரிசையைப் பாருங்க” என்றார்.

“விருந்தாளிகிட்ட பாதி ஏது, முழுசு ஏது. மேசையைத் தூக்குங்க.”

மேசையைத் தூக்கினார்கள். சில்லறைப் பெட்டி திறக்கப்படாமலே உள்ளே போயிற்று. கேன்டீன் அக்கா இருந்த பாலையெல்லாம் அடுப்பில் ஏற்றினாள். மலர்வளையத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பேருந்து ஓட்டுநர் நிற்க, மூத்தவர் அதை இரு கையாலும் வாங்கி, கூடத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். “தாமதம் எல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார்.

கல்யாணம் இல்லை என்று தெரிந்ததும் சிலர் சங்கடப்பட்டார்கள், சிலர் சிரித்தார்கள், இரண்டொருவர் பரிசுப் பெட்டியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலானவர்கள் இருந்தார்கள். வந்தது வந்தோம், அது என்னதான் விளையாட்டு என்று பார்த்துவிட்டுப் போவோம் என்ற நினைப்பு.

கூட்டம் புல்லை நோக்கி நகர்ந்தபோது புல்காரர் குறுக்கே விழாத குறையாக வந்து நின்றார். “குதிகால் செருப்போட குழியைச் சுத்தி இருக்கற கிரீன்ல கால் வைக்கக்கூடாது. என் மேல வேணா மிதிச்சிட்டுப் போங்க.”

“அப்ப கழட்டிட்டு வர்றோம்” என்றாள் தையல்காரர் மனைவி, இதென்ன பெரிய விஷயம் என்பது போல.

முதல் குழிக்குப் பக்கத்தில் காலணிகள் குவிந்தன. மூத்தவர் அந்தக் குவியலருகே வந்து நின்றார். கடைக்காரப் பிள்ளை, பார்த்ததும் அளவு தெரிந்துவிடுகிறது. ஒருக்களித்துக் கிடந்த ஜோடிகளைத் தன்னையறியாமல் குனிந்து ஒழுங்குபடுத்தினார். பிறகு நிமிர்ந்து, யாரும் பார்த்தார்களா என்று பார்த்தார். சின்னவர் பார்த்துவிட்டார். பார்க்காதது போல இருந்துவிட்டார்.

வெறுங்காலோடு அந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தது அன்றுதான். கிளப்பில் இருந்த மட்டைகளையெல்லாம் வெளியே எடுத்தார்கள். பல் மருத்துவரின் பழைய மட்டைகூட வெளிச்சத்துக்கு வந்தது. பேருந்து ஓட்டுநர் முதல் அடியில் பந்தை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பெயர்த்தார். புல்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“பந்து எங்க போச்சு?” என்றார் ஓட்டுநர், நெற்றியில் கை வைத்துத் தூரத்தில் தேடியபடி.

“காலடியிலதான் இருக்கு. நீங்கதான் அவசரப்பட்டு அடுத்த ஸ்டாப்புக்குப் போயிட்டீங்க” என்றார் சின்னவர்.

மரத்தடி வரை சிரிப்பு பரவியது. எவரோ பாய் கேட்டார்கள். பாய் இல்லை, கூடத்து ஜன்னல் திரைகளைக் கழற்றி விரித்தார்கள். வழக்கமாக வரும் பழைய உறுப்பினர்கள் இருவர், பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்று, வழி மாறி வந்துவிட்டோமோ என்று பலகையைப் படித்தார்கள். மூத்தவர் மரத்தடிக்குச் சற்றுத் தள்ளி நின்றார். கண்ணை மூடிக்கொண்டால் டிரில் மாஸ்டர் கத்துவது கேட்கும் போலிருந்தது. மூடவில்லை. எதிரே ஒரு சின்னப் பெண் மாமியார் குழியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கவேண்டியிருந்தது.

வெயில் ஏறிய பிறகு தையல்காரர் மனைவி நேரே அவரிடம் வந்தாள். அன்று அவள் அடித்த ஒரு பந்து, கொடிக்கு வெகு தூரத்திலிருந்து உருண்டு, யோசித்து, உள்ளே விழுந்திருந்தது. அதிலிருந்து அவள் முகமே வேறாக இருந்தது.

“ஐயா, இதுல சேரணும்னா என்ன செய்யணும்?”

மூத்தவர் சந்தா என்ன என்று சொன்னார். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் இறங்கியது. “அவ்வளவு எங்களுக்குக் கட்டாதுங்களே” என்று சொல்லி, சிரிக்க முயன்று, “பரவாயில்லீங்க. இன்னிக்கு ஒரு நாள் விளையாடினோமே, அது போதும்” என்றாள்.

பக்கத்தில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதே கேள்வியைத்தான் வாயில் வைத்திருந்தார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர்கள் போய்விட்டால் இன்றோடு சரி. பருவம் முடிந்ததும் பலகை மாறிவிடும். சொல்லவேண்டிய வார்த்தை என்ன என்பதும் மூத்தவருக்குத் தெரியும். அது அவர் வாயில் வரவில்லை. வராது. அவர் மருமகளைத் தேடிப் பார்த்தார். அவள் காலையிலிருந்து குடிதண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட, நான் சொன்னேனே என்று சொல்லியிருக்கவில்லை.

“என்னம்மா சொல்றது?” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“நீங்க சொல்ல வேண்டாம் மாமா. நான் சொல்றேன். வேணும்னா அந்தப் பக்கம் போய் மேல வர்ற மேகத்தைப் பாருங்க.”

“ஏன், என் கிளப்புல நான் ஒளியணுமா? இங்கயேதான் நிப்பேன். சொல்லு.”

அவள் கேன்டீன் முக்காலியில் ஏறி நின்றாள். கடையில் ஒலிபெருக்கியில் பேசிப் பழகிய குரல். “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இன்னிக்கு பேர் குடுக்கிறவங்களுக்கு, முதல் வருஷம் சந்தாவுல பாதி தள்ளுபடி. பாதி.”

மூத்தவர் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தை அவருடைய மைதானத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. எதிரே முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. தையல்காரர் மனைவி தங்கையின் தோளைத் தட்டினாள். எதிர்த் துணிக்கடை வாசலில் சிறுவயதில் பார்த்த அதே முகங்கள். இவர்கள் யாருக்கும் அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதே நினைவில் இல்லை.

“அப்ப நாங்க முழுசா கட்டலையா?” என்றார் பழைய உறுப்பினர்களில் ஒருவர், முணுமுணுப்பாக.

“உங்களுக்கு அந்தக் காலத்துப் புல்லு கிடைச்சதே, அதுக்கு ஏது விலை” என்று சின்னவர் அவர் வாயை அடைத்தார்.

செயலாளர் கூடத்தில் மறுபடி மேசை போட்டார். வரிசை நின்றது. தையல்காரர் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலையில் கோபப்பட்டதற்கு ஈடுகட்டுவது போலக் கொஞ்சம் கலகலப்பாகவே நீட்டினார். மூத்தவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“பாத்துங்கய்யா” என்றார் தையல்காரர். “தள்ளுபடி தள்ளுபடின்னு ஆசை காட்டிட்டு, கடைசில எங்க மனுவையே தள்ளுபடி பண்ணிடப் போறீங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். மருமகள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவர் கூரையைப் பார்த்தார்.

மூத்தவர் தையல்காரரையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் முதலில் வரவில்லை, பிறகு வந்தது. அண்ணன் அழுகிறாரோ என்று பயந்து சின்னவர் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். அழவில்லை. சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“குடுங்க” என்று அந்த மனுவைத் தன் கையாலேயே வாங்கினார். “இந்த வாசல்ல மனுப் போட்டவங்க யாரையும் திருப்பினதில்லீங்க. எங்க அப்பா காலத்துலேருந்து.”

அன்று பேர் கொடுத்த எல்லாரும் நிலைத்தார்கள் என்று சொல்லமுடியாது. சிலர் பேர் கொடுத்ததோடு சரி. சிலர் ஒரு மழைக்காலம் வரை வந்தார்கள். ஆனால் தையல்காரர் குடும்பம் வந்தது, பேருந்து ஓட்டுநர் தன் பணிமனையிலிருந்து பாதிப் பேரை இழுத்துக்கொண்டு வந்தார், அவர்கள் தங்கள் மச்சான், நாத்தனார் என்று சேர்த்துவிட்டார்கள். புல்காரருக்குத் துணைக்கு ஆள் வைக்கவேண்டி வந்தது. பருவம் முடிந்து பொதுக்கூட்டம் கூடியபோது சின்னவரே எழுந்து தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். “எழுதினப்ப கை வலிச்சுது, இப்ப வாய் வலிக்குது, உக்காந்துக்கறேன்” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். கூட்டம் முடிந்ததும் மூத்தவர் தனியாக முதல் குழி வரை நடந்து போய், கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு மருமகளின் எந்தச் சீட்டையும் அவர் திருத்தியதில்லை. அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை வாங்கிப் பார்ப்பார், எழுத்துப் பிழை உண்டா என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பெரிய கிளப்பின் ஆட்கள் நாலைந்து பேர் மஞ்சள் சீட்டோடு வந்தார்களாம், மூத்தவர் வாசலில் கை நீட்டித் தடுத்து, ‘உங்கள் மனு தள்ளுபடி’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுவல்ல. வந்தவர் ஒருவர், அவர்களுடைய செயலாளர். அவர் மனைவியின் கடைப்பையில் சீட்டு இருந்திருக்கிறது. மூத்தவர் அவரை வாங்க என்று அழைத்தார். அவர் உள்ளே வந்து, தேநீர் குடித்து, காலணியைக் கழற்றிவைத்து ஆடிவிட்டுப் போனார். யாரும் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.